துயிலின்மையும் உடற்பயிற்சியும்: ஓர் ஆராய்ச்சி வரலாறு

உழைத்துக் களைத்தவன் நன்கு உறங்குவான் என்பது உலகோர் நெடுங்காலமாக ஒப்பிய கூற்று. ஆயின் அதனைச் சோதித்தறிதற்கு உறக்கத்தை அளக்கும் வழி வேண்டியிருந்தது. ஜேர்மானிய வைத்தியர் ஹான்ஸ் பேர்கர், மனித மூளையின் மின்னலைகளைப் பதிந்து 1929இல் வெளியிட்டார். 1953இல் சிக்காகோவில் அசரின்ஸ்கியும் கிளைற்மனும், உறங்குவோரின் கண்கள் விரைந்தசையும் வேளைகள் உண்டெனக் காட்டினர். உறக்கம் ஒரே தன்மையதன்று என்பது இத்தகைய ஆய்வுகளாற் புலனாயிற்று.

1966இல் அமெரிக்கரான பேக்லண்டும் லாஸ்கியும் கல்லூரி விளையாட்டு வீரரை ஆராய்ந்து, பயிற்சி செய்த நாளின் இரவில் ஆழ்ந்த உறக்கம் மிகுதல் கண்டனர். பயிற்சியை நிறுத்தினால் யாது நிகழும் என அறிய விழைந்த பேக்லண்டுக்கு நேர்ந்த இடர் சுவையானது. நாள்தோறும் பயிற்சி செய்வோர், பணம் தருவதாகக் கூறியும் அதனைக் கைவிட இசைந்திலர். ஆகவே வாரத்தில் மூன்று நான்கு நாள் மட்டும் பயில்வோரைக் கொண்டே அவர் ஆய்வை நடத்தினார். ஒரு மாத காலம் பயிற்சியின்றியிருந்த அவர்களுடைய உறக்கம் குலைந்ததென 1970இல் எழுதினார். விருப்பமான பழக்கத்தை இழந்த மனக்கலக்கமும் அதற்கு ஏதுவாயிருக்கலாமன்றோ? அவர்களிடத்து அக்கலக்கமும் காணப்பட்டது.

1981இல் ஷபிரோ முதலியோர், 92 கிலோமீற்றர் ஓடியவர்களிடத்து அடுத்த இரவுகளில் ஆழ்ந்த உறக்கம் மிகுந்தமையை வெளியிட்டனர். இங்கிலாந்தின் ஹோர்ன் என்பார் இதற்கு வேறு காரணம் கற்பித்தார். ஓடுவோரின் உடல் வெப்பமடையாவாறு குளிர்வித்தபோது அப்பயன் தோன்றவில்லை. வெந்நீரில் அமிழ்ந்திருந்தோரிடத்தோ பயிற்சியின்றியே தோன்றிற்று.

ஆயினும், 1997இல் யங்ஸ்ரெட்டும் பிறரும் முந்திய ஆய்வுகளைத் தொகுத்துக் கணித்தபோது, ஒருநாட் பயிற்சியால் விளைந்த மிகையுறக்கம் ஏறத்தாழ 10 நிமிடமே எனக் கண்டனர். இதில் வியப்பில்லை. அவ்வாய்வுகளிற் பெரும்பாலும் சோதிக்கப்பட்டவர் நன்றாக உறங்கும் இளைஞர். நிரம்பிய குடத்தில் மேலும் நீர் வார்த்தல் எங்ஙனம்? நோயின் மருந்தை நோயற்றவரிடம் சோதித்தமை இத்துறையின் பெருங்குறை எனலாம்.

அக்குறை மெல்ல நீங்கியது. அதே ஆண்டில் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்துக் கிங் என்னும் அம்மையார், உறக்கக் குறைபாடுடைய முதியோரை 16 வாரம் மிதமான பயிற்சியில் ஈடுபடுத்தி நற்பயன் கண்டார். 2010இல் பிறேசில் நாட்டுப் பாசோஸ் முதலியோர், நாட்பட்ட துயிலின்மையுடையோர் மிதமாக நடந்த நாளில் விரைந்து உறங்கினர் என்றும், கடும் பயிற்சி அப்பயன் தரவில்லை என்றும் கூறினர். 2013இல் பேரன் என்பாரின் ஆய்வோ வேறொன்றைக் காட்டிற்று. துயிலின்மையுடைய பெண்கள் ஒரு நாள் செய்த பயிற்சி அன்றிரவு உறக்கத்தை மாற்றவில்லை; உறக்கங் கெட்ட இரவின் மறுநாளிலோ பயிற்சி குறுகிற்று. பயன் உடனே தோன்றாமையால் நோயாளர் இடையிற் கைவிடுதல் எளிதென்பது இதனாற் பெறப்படும்.

இன்னுமொரு தடையுண்டு. போலி மாத்திரையை நோயாளி அறியாவண்ணம் கொடுக்கலாம். போலி நடையை எவ்வாறு நடப்பிப்பது? தாம் பயில்கின்றோம் என்பதைப் பயில்வோர் அறிந்தேயிருப்பர். ஆதலின் அவர் கூற்றை மட்டும் நம்பாது, மணிக்கட்டிலணியும் அசைவளவிக் கருவியையும் ஆய்வாளர் துணைக்கொண்டனர். ஹொங்கொங்கில் 60 வயதும் அதற்கு மேலுமான 320 பேரைக் கொண்டு நடந்து 2021இல் வெளியான ஆய்வு அத்தகையது. ‘தாய்ச்சி’ என்னும் சீனப் பயிற்சியை 12 வாரம் செய்தோரும், விரைநடை முதலிய வழமையான பயிற்சி செய்தோரும் ஒருங்கே நலம் பெற்றனர். 24 மாதங்களின் பின்னும் அந்நலம் காணப்பட்டது.