ஜே. வால்டர் தாம்சன்

ஜே. வால்டர் தாம்சன், நியூயார்க்கில் தோன்றி 1929 முதல் இந்தியாவிலும் இயங்கிய விளம்பர நிறுவனம். 1864-இல் வில்லியம் ஜேம்ஸ் கார்ல்டன் தொடங்கிய சிறு முகமையில் கணக்கெழுத வந்த தாம்சன், 1878-இல் அதை 500 டாலருக்கு விலைக்கு வாங்கினார். அங்கிருந்த மேசை நாற்காலிகளுக்குத் தனியே 800 டாலர் கொடுத்தாராம். தொழிலைவிடத் தளவாடத்துக்கு விலை கூடுதல்!

ஜெனரல் மோட்டார்ஸ் கார்களை விளம்பரம் செய்வதற்காகவே இந்நிறுவனம் பம்பாய்க்கு வந்தது. பிற்காலத்தில் இந்தியக் கிளையின் பெயர் இந்துஸ்தான் தாம்சன் அசோசியேட்ஸ் என்று மாறியது. லக்ஸ், ஹார்லிக்ஸ் போன்ற பெயர்களை நம் வீடுகளில் புழங்கச் செய்ததில் அதன் பங்கு பெரிது. விளம்பரத் தொழிலைப் பலர் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடமும் அதுவே. அதன் மதராஸ் அலுவலகத்தை நடத்திவந்த ஆர்.கே. சுவாமி, 1973-இல் வெளியேறி அதே நகரில் சொந்த நிறுவனம் தொடங்கினார்.

1987-இல் மார்ட்டின் சோரலின் டபிள்யூ.பி.பி. குழுமம் 56.6 கோடி டாலருக்குத் தாம்சனைக் கையகப்படுத்தியது. சரிவு உடனே வரவில்லை. பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் இடம் வாங்கித் தருவதற்குக் கிடைத்த 15 விழுக்காடு கமிஷனில்தான் பழைய முகமைகள் பிழைத்தன. விளம்பரம் எழுதுவதும் வரைவதும் அந்த வருமானத்திலேயே அடங்கின. 1997-இல் டபிள்யூ.பி.பி., இடம் வாங்கும் வேலையைப் பிரித்து மைண்ட்ஷேர் என்ற தனி நிறுவனமாக்கியது. எழுத்தும் படமும் மட்டும் தாம்சனிடம் எஞ்சின. அடுத்து இணைய விளம்பரம் பெருகியபோது, வாடிக்கையாளரின் தரவைக் கையாளத் தெரிந்தவர்களுக்கே மதிப்பு கூடியது. வீழ்ச்சிக்குக் கற்பனை வறட்சியைக் காரணம் காட்டுவோர் உண்டு. ஆனால் டைம்ஸ் ஆஃப் இந்தியாவுக்காக இந்தியக் கிளை செய்த 'லீட் இந்தியா' 2008-இல் கான் விளம்பர விழாவில் கிராண்ட் பிரீ வென்றது. வற்றியது வருமான வழிதான்.

2018 நவம்பரில், நேரடி விளம்பரத்துக்கென 1958-இல் தொடங்கப்பட்ட வுண்டர்மனுடன் தாம்சன் இணைக்கப்பட்டது. புதிய பெயர் வுண்டர்மன் தாம்சன்; மூத்ததற்கு இரண்டாம் இடம். டபிள்யூ.பி.பி.யின் தலைமைக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் வந்திருந்த மார்க் ரீட், வுண்டர்மனை நடத்தியவர் என்பதையும் சேர்த்தே இதைப் பார்க்க வேண்டும். 2023 அக்டோபரில் வி.எம்.எல்.ஒய்.ஆர். நிறுவனத்துடன் அடுத்த இணைப்பு அறிவிக்கப்பட்டது. 2024 ஜனவரியில் வி.எம்.எல். என்ற பெயரே நிலைத்தது. தாம்சன் பெயர் மறைந்தது.

அதே ஆண்டு மார்ச்சில் ஆர்.கே. சுவாமி நிறுவனத்தின் பங்குகள் இந்தியப் பங்குச் சந்தைகளில் பட்டியலிடப்பட்டன.