கங்கைகொண்டானிலிருந்து ஈழம்

திருநெல்வேலிக்கு வடக்கே, சிற்றாற்றை ஒட்டியிருக்கும் கங்கைகொண்டான், முதலாம் இராசேந்திரனின் பட்டப்பெயரைத் தாங்கிய ஊர். கங்கைக்குப் படை அனுப்புவதற்குச் சில ஆண்டுகள் முன்பே அவன் கடல் கடந்து ஈழத்தை வென்றிருந்தான். இலங்கை வரலாற்றை அநுராதபுரத்திலிருந்து தொடங்குவதே வழக்கம். நாம் இவ்வூரிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழப் பாதி, 65,610 சதுர கிலோமீட்டர், அத்தீவு. தென்மேற்குப் பருவமழையைத் தடுத்து வாங்கிக்கொள்ளும் மலைகள் நடுவே. குளங்களை நம்பிய வறண்ட சமவெளி வடக்கேயும் கிழக்கேயும். பொதிகையையும் மானாவாரிக் கரிசலையும் ஒருங்கே கண்ட நெல்லைக்காரருக்கு இந்த அமைப்பு புதிதன்று. பெயரும் புதிதன்று. அசோகரின் கல்வெட்டுகள் தம்பபண்ணி என்கின்றன. கிரேக்கர் தப்ரபனே என்றனர். நம் தாமிரபரணியோடு இப்பெயருக்குள்ள உறவைக் கால்டுவெல் தமது திருநெல்வேலி வரலாற்றில் (1881) ஆராய்ந்திருக்கிறார். ஆற்றிலிருந்து தீவுக்குப் பெயர் சென்றதா, தீவிலிருந்து ஆற்றுக்கு வந்ததா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

பத்தாம் நூற்றாண்டில் சோழரிடம் தோற்ற பாண்டியன் இராசசிம்மன், தன் மணிமுடியை ஈழ மன்னனிடம் அடைக்கலமாக வைத்தான். அதை மீட்கப் பராந்தக சோழனால் இயலவில்லை. ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1017 அளவில், இராசேந்திரன் அம்முடியைக் கைப்பற்றினான். ஐந்தாம் மகிந்தனும் சிறைப்பட்டுச் சோழநாட்டிலேயே இறந்தான். 1070 அளவில் விசயபாகு சோழரை வெளியேற்றினான். ஒரு முடியின் பயணத்தை மெய்க்கீர்த்தி இத்தனை அக்கறையோடு பதிந்துவைத்திருக்கிறது!

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடல் கடந்தவர்களுக்கு மெய்க்கீர்த்தி இல்லை. முதலில் காப்பித் தோட்டங்களுக்கும், 1869இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழித்தபின் தேயிலைத் தோட்டங்களுக்கும், திருச்சி, சேலம், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டினர். பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். பஞ்சமும் கடனும் துரத்தியவர்கள். 1876இல் தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை வந்தது, கப்பலேறினால் கொழும்பு. வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் இந்தத் தடத்துக்காகவே. தொழிலாளியின் கடனைக் குறித்த ‘துண்டு’ என்னும் சீட்டு 1921இல் ஒழிக்கப்படும்வரை, அக்கடனைத் தீர்க்காமல் அவரால் தோட்டம் மாற முடியாது. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யில் நெல்லைக் கிராமத்து மருதி போய்ச் சேர்வது இந்த உலகத்துக்குத்தான். வரலாற்று நூல்கள் பலவற்றைவிட அக்கதை நமக்கு அதிகம் சொல்கிறது என்பது எங்கள் எண்ணம்.

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பமிட்டனர்: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. கணக்கு முடிந்தது. அந்த மக்களை எவரும் கேட்கவில்லை. அங்கே தங்கிவிட்ட நாடற்றோர்க்கு இலங்கை நாடாளுமன்றம் 2003இல் குடியுரிமை வழங்கிச் சட்டம் இயற்றிற்று. அதற்குள் இக்கரை சேர்ந்திருந்தவர்களுக்குத் தாய்த்தமிழகம் தந்திருந்த பெயர் ‘சிலோன்காரர்’.