நிலைப்படிக்கும் முற்றத்துக்கும் இடையே



கனடாவில் குடும்பத்துடன் வாழும் நம் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் ஒரு வரைபடத்தை அனுப்பி நம் கருத்தைக் கேட்டிருந்தார். வீட்டின் பக்கவாசலை ஒட்டி ஒரு சிற்றறை. பனிக்காலக் காலணிகள், கனத்த மேலங்கிகள், பிள்ளைகளின் பள்ளிப் பைகள் ஆகியவற்றை வைக்க ஆளுக்கொரு தடுப்பு. அமர்ந்து காலணி கழற்ற ஒரு பலகை. நீர் வடிந்தோடும் தரை. அந்நாட்டில் இதனை ‘மட் ரூம்’, அதாவது சேற்றறை என்கிறார்களாம். “ஹஸ்ரத், செருப்பு கழற்றுவதற்கு ஓர் அறையா என்று வாப்பா கேலி செய்கிறார்கள். இது வீண்விரயத்தில் சேருமா?” என்பது அவருடைய வினா.

மார்க்கச் சட்டப்படி இரண்டு வரியில் விடை எழுதியிருக்கலாம். ஆயினும் அந்த வரைபடத்தைப் பார்த்தவுடன் நம் நினைவுக்கு வந்தது சட்டமன்று, வரலாறு. அதனோடு நம் வீட்டில் நாம் செய்த ஒரு பிழையும் நினைவுக்கு வந்தது. அதைப் பிறகு சொல்வோம்.

வீட்டுக்குள் நுழைவதற்கு முன் அனுமதி கோரி ஸலாம் உரைக்க வேண்டும் என்பது அந்நூர் அத்தியாயத்தின் 27ஆம் வசனம் நமக்குக் கற்பிக்கும் ஒழுக்கம். அதே அத்தியாயத்தின் 58ஆம் வசனம் வீட்டுக்குள்ளேயே பணியாளர்களும் சிறு பிள்ளைகளும் அனுமதி கேட்க வேண்டிய மூன்று நேரங்களைக் கூறுகிறது. நபி (ஸல்) அவர்கள் ஒருவருடைய வீட்டு வாசலுக்குச் சென்றால் வாசலுக்கு நேரே நிற்காமல் வலப்புறமோ இடப்புறமோ ஒதுங்கி நின்றே ஸலாம் கூறுவார்கள் என்று அப்துல்லாஹ் இப்னு புஸ்ர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. அக்கால வீடுகளின் வாசல்களில் திரை இருக்கவில்லை என்ற காரணமும் அதிலேயே சொல்லப்படுகிறது. நபியவர்களின் வீட்டுக் கதவிலிருந்த ஓட்டை வழியாக ஒருவர் எட்டிப் பார்த்தபோது, அனுமதி கேட்கும் சட்டமே பார்வையை முன்னிட்டுத்தான் என்ற கருத்தை அவர்கள் கண்டிப்புடன் உணர்த்தியதை ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) வாயிலாக புகாரியில் காண்கிறோம்.

மதீனாவின் அன்றைய வீடுகள் எளியவை. பச்சைச் செங்கல், பேரீச்ச மட்டை, மண்தரை என்ற அளவில் இருந்த வீட்டில் முன்னறைக்கு இடம் ஏது? அங்கே வருபவரின் ஒழுக்கமே முன்னறையாக இருந்தது. அவர் ஒதுங்கி நின்றார். வீட்டாரின் மானம் காக்கப்பட்டது. பிற்காலத்தில் செல்வம் பெருகிக் கல்லாலும் மரத்தாலும் பெரிய வீடுகள் எழுந்தபோது, வருபவர் ஒதுங்கி நிற்கும் அந்த இரண்டு அடியைக் கொத்தனார்கள் சுவராகவே கட்டிவிட்டார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது.

கெய்ரோவின் பழைய வீடுகளைக் காண்போர் இதனை நன்கு உணர்வர். அல்முயிஸ் தெருவிலிருந்து பிரியும் தர்ப் அல்அஸ்ஃபர் என்னும் சந்தில் பைத் அல்ஸுஹைமி என்ற மாளிகை இன்றும் நிற்கிறது. 1648இல் கட்டப்பட்டு 1796இல் விரிவாக்கப்பட்ட அவ்வீட்டின் தெருக்கதவைத் திறந்தவுடன் முற்றம் தெரிவதில்லை. ஒரு நடை, அது திரும்பிய பிறகே முற்றம். இத்தகைய வளைந்த நுழைவழிக்கு ‘மஜாஸ்’ என்று பெயர். கெய்ரோ வீடுகளின் இந்த நடையில் வாயிற்காவலரும் பணியாளர்களும் அமர ‘மஸ்தபா’ என்னும் கல்மேடை இருக்கும். நம் ஊர்த் திண்ணையை வீட்டுக்குள் எடுத்து வைத்ததைப் போன்றது அது.

1820களிலும் 1830களிலும் கெய்ரோவில் தங்கியிருந்த எட்வர்ட் வில்லியம் லேன் என்னும் ஆங்கிலேயர், எகிப்தியரின் வாழ்க்கை முறை பற்றி 1836இல் வெளியிட்ட நூலில் இவ்வீடுகளை அங்குலம் அங்குலமாக விவரித்துள்ளார். விருந்தினர் அறையின் தரை முழுவதும் ஒரே மட்டத்தில் இராது. கதவிலிருந்து எதிர்ச்சுவர் வரையிலான பகுதி சில அங்குலம் தாழ்ந்திருக்கும். அதன் பெயர் ‘துர்காஆ’. உயர்ந்த பகுதி ‘லீவான்’. துர்காஆவில் செருப்பைக் கழற்றிய பிறகே எவரும் லீவானில் கால் வைப்பர், ஏனெனில் பாயும் கம்பளமும் விரிக்கப்படும் இடம் அதுவே. செல்வர் வீடுகளில் துர்காஆவின் கோடியில் ஏறத்தாழ 4 அடி உயரத்தில், சிறு வளைவுகள் தாங்கிய கல் அலமாரி ஒன்றும் இருக்கும். மேலே தண்ணீர்க் கூஜா, காபிக் கோப்பை. கீழே கை கழுவவும் ஒளு செய்யவும் கெண்டி, தாம்பாளம். ஒவ்வொன்றுக்கும் வைத்த இடம் உண்டு. கனடாவிலிருந்து வந்த வரைபடத்தில் இருப்பது இதுவல்லாமல் வேறென்ன?

திமிஷ்கின் வீடுகளிலும் இதே அமைப்புத்தான். அங்கே தாழ்ந்த பகுதி ‘அதபா’, உயர்ந்த பகுதி ‘தஸர்’. ஹிஜ்ரி 1119, அதாவது 1707ஆம் ஆண்டைச் சேர்ந்த அத்தகைய அறை ஒன்று இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. வேலைப்பாடு மிக்க அதன் மரச்சுவர்களை வியப்போர் பலர். தரையிலுள்ள அந்த ஒரு படியைப் பார்ப்போர் சிலரே. தூனிஸ் நகர வீடுகளிலோ முதலில் ‘திரீபா’, பிறகு வளைந்து செல்லும் ‘ஸகீஃபா’, அதன் பின்னரே நடுமுற்றம். அவ்வூரைச் சேர்ந்த இப்னுர் ராமி என்னும் கட்டடக்கலைஞர், கட்டடங்கள் பற்றிய மார்க்கச் சட்டங்களைத் தனி நூலாகவே தொகுத்தார். கொத்து வேலையும் ஃபிக்ஹும் ஒருசேர அறிந்த அவர் 1334இல் மறைந்தார். எதிர்வீட்டு வாசலுக்கு நேராகப் புதுவாசல் திறக்கலாமா என்பது போன்ற வழக்குகள் அந்நூலில் பேசப்படுகின்றன. இன்று அடுக்குமாடி கட்டுவோரில் எத்தனை பேர் இக்கேள்வியைக் கேட்கிறார்கள்?

இவ்விடத்தில் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இவையெல்லாம் முஸ்லிம்களின் கண்டுபிடிப்பு என்று நம்மில் சிலர் மேடையில் பேசுவதுண்டு. அது சரியன்று. 1922 முதல் 1934 வரை இராக்கின் ஊர் என்னும் தொல்நகரை அகழ்ந்த லியோனார்ட் வூலி, சுமார் 4000 ஆண்டுகளுக்கு முற்பட்ட வீடுகளில் தெருக்கதவை அடுத்துச் சிறிய நுழைவறையைக் கண்டார். அதன் தரையில் வடிகால் இருந்ததைக் கொண்டு, வருவோர் கால் கழுவும் இடம் அது எனக் கருதினார். ஆக, வெயிலும் புழுதியும் நிறைந்த நாடுகளில் மனிதர்கள் நெடுங்காலமாகச் செய்துவந்த ஏற்பாடு இது. முஸ்லிம்கள் அதனைப் பெற்றுக்கொண்டு, தூய்மை, பார்வை ஒழுக்கம், விருந்தோம்பல் ஆகிய தம் மூன்று தேவைகளுக்கும் அதனைப் பொருத்திக்கொண்டார்கள். பெற்றுக்கொண்டதை ஒப்புக்கொள்வதில் நமக்கு இழுக்கில்லை.

செருப்பு விஷயத்திலும் வரலாறு நாம் நினைப்பதைவிடச் சற்று வேறானது. மஸ்ஜிதுந் நபவியின் தரை அன்று மண்ணும் சரளையும். அங்கே செருப்புடன் தொழுவது வழக்கத்தில் இருந்தது. தொழுகையின் நடுவே நபி (ஸல்) அவர்கள் செருப்பைக் கழற்ற, ஸஹாபாக்களும் கழற்ற, தம் செருப்பில் அசுத்தம் இருப்பதை ஜிப்ரீல் (அலை) அறிவித்ததாலேயே கழற்றியதாக அவர்கள் விளக்கிய செய்தியை அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கிறார்கள். அசுத்தம்தான் காரணம், செருப்பன்று. பாயும் கம்பளமும் விரிந்த பிறகு செருப்புக்குத் தனியிடம் தேவைப்பட்டது. தெருச் சேற்றைப் பற்றி நம் ஃபிக்ஹ் நூல்கள் தனியே பேசுகின்றன. தவிர்க்கவியலாத அளவு மன்னிக்கப்படும் என்கின்றன. ஆகவே ஒவ்வொரு துளிச் சேற்றுக்கும் அஞ்சி வஸ்வாஸில் விழ வேண்டியதில்லை என்பதையும் அம்மாணவரின் இல்லத்தாருக்குச் சேர்த்தே எழுதினோம்.

நம் தமிழக முஸ்லிம் ஊர்களிலும் இந்த அறிவு இருந்தது. காயல்பட்டினத்தில் ஆண்கள் நடமாடும் தெரு ஒருபுறமிருக்க, பெண்கள் வீட்டுக்கு வீடு சென்றுவர முடுக்கு என்னும் குறுகிய சந்து இருப்பதைப் பலரும் அறிவர். பழைய வீடுகளில் திண்ணை, அடுத்து நடை, பிறகே உள்கட்டு. பால்காரர் திண்ணையோடு திரும்புவார். சம்பந்தக்காரர் நடையைத் தாண்டுவார். யார் எதுவரை வரலாம் என்பதை எவரும் எவருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இப்போது நம் பிழைக்கு வருவோம்.

நம் தந்தையார் விட்டுச்சென்ற ஓட்டு வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டியபோது, திண்ணையும் நடையும் இடத்தை அடைக்கின்றன என்று முடிவு செய்தவர் நாமே. கொத்தனார் ஒருமுறைக்கு இருமுறை கேட்டார். “திண்ணை இருந்த இடத்தில் மோட்டார் சைக்கிள் நிற்கட்டும், கதவைத் திறந்தால் ஹால் விசாலமாகத் தெரிய வேண்டும்” என்றோம். அவ்வாறே தெரிந்தது. கதவிலிருந்து பார்த்தால் ஹால், ஹாலுக்கு அப்பால் அடுக்களை, பக்கத்தில் ஒளு செய்யும் குழாய், எல்லாம் ஒரே பார்வையில். மத்ரஸாவில் அந்நூர் அத்தியாயம் பாடம் நடத்தும் நாம்தான் அப்படிக் கட்டினோம்.

ஒருநாள் நிர்வாகிகள் இருவர் கணக்கு விஷயமாக வந்து ஹாலில் அமர்ந்தார்கள். பேச்சு நீண்டது. நாங்கள் மூவரும் அஸருக்குப் பள்ளிவாசல் சென்று தொழுதுவிட்டுத் திரும்பி வந்து மீண்டும் அமர்ந்தோம். அவர்கள் விடைபெற்றபோது மஃக்ரிபுக்குச் சொற்ப நேரமே இருந்தது. அடுக்களையிலிருந்து நம் தாயார் விரைந்து வெளியே வந்து குழாயைத் திறந்தார்கள். நாங்கள் பள்ளிக்குச் சென்றிருந்த வேளையில் தொழுதிருப்பார்கள் என்றே எண்ணியிருந்தோம். அவ்வேளையில் தெருக்கதவு விரியத் திறந்து கிடந்திருக்கிறது. ஹாலில் நம் மகனோடு வேறொரு பையனும் அமர்ந்திருந்திருக்கிறான். ஒளு செய்யப் போக அவர்களுக்கு வழியில்லை. நம்மிடம் ஒரு சொல்லும் குறை கூறவில்லை. தொழுது முடித்தபின், “பழைய வீட்டில் உன் வாப்பாவைப் பார்க்க எத்தனை பேர் வந்தாலும் எனக்குத் தெரியாது” என்று மட்டும் சொன்னார்கள்.

நடையும் வளைவும் பெண்களை அடைத்து வைக்கவே உண்டாயின என்று எழுதுவோர் இருக்கிறார்கள். பெரிய மாளிகைகளின் வரலாற்றில் அதற்கும் சில சான்றுகள் கிடைக்கலாம். நம் வீட்டில் நடந்ததோ நேர்மாறானது. அந்த ஆறடி நடையை எடுத்த அன்றுதான் நம் தாயார் அடுக்களைக்குள் அடைபட்டார்கள்.

மாணவருக்கு எழுதிய விடை இதுதான்: பகட்டுக்கென்றால் அது வீண்விரயம், மேற்கூறிய தேவைகளுக்கென்றால் அன்று. விலையுயர்ந்த மரம் வேண்டாம். வரைபடத்தில் மூன்று மாற்றங்கள் செய்யவும். வாசலுக்கு நேரே உட்கதவு வைக்காமல் ஒரு பக்கமாக நகர்த்தவும். அறையின் தரையை வீட்டுத் தரையைவிட ஒரு படி தாழ்த்தவும். பிள்ளைகளுக்கு எல்லை எது என்பது காலுக்கே தெரிந்துவிடும். செலவு இடங்கொடுத்தால் கால் கழுவத் தாழ்வாக ஒரு குழாய் வைக்கவும். வாப்பாவிடம் கெய்ரோவின் துர்காஆவைப் பற்றிச் சொல்லுங்கள் என்றும் எழுதினோம். படித்துவிட்டுச் சிரித்தார்களாம், படிக்குச் சம்மதித்தார்களாம்.

நம் வீட்டில் சுவர் எழுப்ப இனி இடமில்லை. தச்சரை அழைத்து, கதவிலிருந்து ஆறடி உள்ளே ஆளுயர மரத்தட்டி ஒன்று அடிக்கச் செய்தோம். அதன் வாசல்புறம் செருப்புப் பலகையும், வருவோர் அமர இரண்டு நாற்காலிகளும் வைத்துள்ளோம். ஹால் சிறுத்துவிட்டது என்று பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். தட்டி வந்த வாரத்திலேயே விருந்தினர் வந்தார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே அஸருக்கு பாங்கு ஒலித்தது. சற்று நேரத்தில் தட்டிக்கு அப்பால் குழாய் திறக்கும் ஓசை கேட்டது.