இருளைப் படம்பிடித்தவர்கள்: இரைச்சல் நீக்கத்தின் வானியல் வேர்கள்

வடாலாவின் உப்பளங்களையோ மோனோரயில் பாதையையோ நள்ளிரவில் ஷட்டரை 4 நிமிடம் திறந்துவைத்துப் படமெடுக்கும் ஒருவர், படம் முடிந்த பின்னும் கேமரா மேலும் 4 நிமிடம் எதற்கும் இணங்காமல் நிற்பதைக் காணக்கூடும். நீண்ட ஒளிப்பதிவுக்கான இரைச்சல் நீக்க வசதி இயங்கும்போது பல கேமராக்களில் இவ்வாறு நிகழும். காத்திருக்கப் பொறுமையின்றிப் பலர் அவ்வசதியை அணைத்துவிடுகின்றனர். அந்த 4 நிமிடங்களில் கேமரா ஷட்டரை மூடிக்கொண்டு இருளைப் படமெடுக்கிறது. அந்நெறி வானாய்வகங்களில் வளர்ந்தது.

1949இல் ஹார்வர்டில் மாணவராயிருந்த வைணு பாப்பு, ஒளிப்படத் தகடு ஒன்றில் புதிய வால்மீனைக் கண்டார். இந்தியா திரும்பிய பின், இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தின் ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் அவர் ஆய்வகம் அமைத்தார். அங்கே 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கி இயங்கத் தொடங்கியது. 1972இல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. தகடுகளின் காலத்தில் சிக்கல் வேறாக இருந்தது. ஒளி மங்கலாக இருக்குமாயின், நேரம் நீள நீளத் தகட்டின் உணர்திறன் குன்றியது. வெள்ளி மணிகளின் சொரசொரப்பு மெல்லிய விவரங்களை மறைத்தது.

1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லர்டு பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் சிசிடி என்னும் மின்னணு உணரியை உருவாக்கினர். 1976இல் அரிசோனாவில் அதன்வழி யுரேனஸ் படமெடுக்கப்பட்டது. தகட்டைக் காட்டிலும் பன்மடங்கு உணர்திறன் கொண்ட அக்கருவிக்கு ஒரு குறை இருந்தது. ஒளியே படாதபோதும் சிலிக்கானின் வெப்பம் எலக்ட்ரான்களை விடுவிக்கும். அவை ஒளி தந்த எலக்ட்ரான்களோடு கலந்துவிடும். வெப்பநிலை ஏறக்குறைய 6 அல்லது 7 பாகை உயர்ந்தால் இந்த இருள் மின்னோட்டம் இருமடங்காகும்.

இதற்கு வானியலாளர் இரு வழிகளைக் கையாண்டனர். ஒன்று, குளிர்வித்தல். 1986இல் திறக்கப்பட்ட காவலூரின் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியில் பின்னர் பொருத்தப்பட்ட சிசிடி, மைனஸ் 196 பாகையில் கொதிக்கும் திரவ நைட்ரஜனால் குளிர்விக்கப்பட்டது. மற்றொன்று, கழித்தல். ஷட்டரை மூடி, அதே கால அளவில், அதே வெப்பநிலையில் இருட்படம் எடுத்து, அதை வான்படத்திலிருந்து கழிப்பர்.

வடாலாவின் புழுக்கத்தில் நிற்கும் கேமராவுக்குத் திரவ நைட்ரஜன் இல்லை. இரண்டாம் வழி மட்டுமே உண்டு. உணரியின் சூடு மாறுவதற்குள் இருட்படம் எடுக்கப்பட வேண்டும். மாட்டுங்காவின் குளிரூட்டிய அறைக்குத் திரும்பிய பின் எடுத்தால் அது குறைவாகவே கழிக்கும். காத்திருப்பின் காரணம் இதுவே.

இம்முறைக்கும் எல்லை உண்டு. ஒவ்வொரு பிக்சலுக்கும் உரிய நிலையான மிகையை அது நீக்கும். தற்செயல் ஏற்ற இறக்கத்தை நீக்காது. ஒற்றை இருட்படம் தன் தற்செயல் இரைச்சலையும் படத்தில் சேர்த்துவிடும். ஆதலால் ஆய்வகங்கள் பல இருட்படங்களின் சராசரியைக் கழிக்கின்றன.

இருட்படம் இரைச்சலை அளக்கிறது. மென்பொருளின் வழவழப்பாக்கம் அதனை ஊகிக்கிறது. ஒரே பிக்சலில் விழுந்த மங்கிய விண்மீனும் சூடேறிய பிக்சலும் ஊகத்தின் கண்ணுக்கு ஒன்றே. முன்னதும் சேர்ந்தே அழியக்கூடும். இரவுப் படங்களைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர், மூலப்படத்தையும் இருட்படத்தையும் பேணுவது இதனால்தான் இன்றியமையாதது. எது கழிக்கப்பட்டது என்பதைப் பிறர் சரிபார்க்க முடிந்தால்தான் எஞ்சியது சான்றாகும்.