வாயரிசம்

வாயரிசம்: 'காண்' எனப் பொருள்படும் பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்து, 'காண்பவர்' என்னும் பொருளில் வழங்கிய 'வாயர்' என்ற சொல்லின் அடியாக ஆங்கிலத்தில் அமைந்த பெயர். அப்பிரெஞ்சு வினைக்கு மூலமான லத்தீன் வினையே 'வீடியோ' என்ற சொல்லுக்கும் வேராகும். பிறர் அந்தரங்கத்தை மறைந்திருந்து நோக்கும் இயல்பைக் குறிக்க உளவியலில் ஆளப்பட்ட இச்சொல், 2013ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354சி பிரிவாகச் சேர்ந்து குற்றப்பெயராயிற்று. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு நடைமுறையில் உள்ளது.

சட்டப் பொருளில், தன்னை எவரும் காணார் என இயல்பாக எதிர்பார்க்கத்தக்க சூழலில் ஒரு பெண் அந்தரங்கச் செயலில், அதாவது உடலின் மறைவுறுப்புகள் வெளிப்பட்டோ உள்ளாடை மட்டும் அணிந்தோ இருத்தல், கழிப்பறையைப் பயன்படுத்தல் போன்றவற்றில், ஈடுபட்டிருக்கையில் அவளை நோக்குதல், படமெடுத்தல், அப்படத்தைப் பரப்புதல் ஆகிய மூன்றும் இதில் அடங்கும். எனவே கேமரா இல்லாத வெறும் பார்வையும் குற்றமே. படமெடுக்க இசைந்த பெண் அதைப் பரப்ப இசையாதிருப்பின், பரப்புதல் தனிக் குற்றமாகும். முதன்முறை குற்றத்திற்கு 1 முதல் 3 ஆண்டு வரையும், மறுமுறை 3 முதல் 7 ஆண்டு வரையும் சிறையும் அபராதமும் உண்டு. பாதிக்கப்பட்டவர் ஆணாயினும் பெண்ணாயினும், அந்தரங்க உறுப்பை இசைவின்றிப் படமெடுத்தலுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு பொருந்தும்.