ஐ.என்.ஐ. கோப்பின் கதை: வின்டோஸ் முதல் டாலி வரை

பி.காம். படிக்கிறவனுக்கு கம்ப்யூட்டர் ஃபைலின் சரித்திரம் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதில் ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடையில் இருக்கிறது.

திருவண்ணாமலையில் தேரடி வீதிக்குப் பக்கத்தில் உள்ள கடை அது. கல்லூரி முடிந்து சாயங்காலம் ஆறு மணிக்குப் போய் கணக்கு எழுதிக் கொடுப்பேன். அப்பா பெயரில் ஒரு கம்பெனி, மகன் பெயரில் ஒரு கம்பெனி, இரண்டுக்கும் தனித்தனி ஜி.எஸ்.டி. எண். மூன்று கம்ப்யூட்டர்களிலும் பழைய டாலி ஈ.ஆர்.பி. 9. புதிதாக வாங்கிய மெஷினுக்கு டேட்டாவை மாற்றியதால், மூன்றிலும் டேட்டா இருக்கும் இடத்தைத் திருத்த வேண்டியிருந்தது. கையால் திருத்தினால் பத்து நிமிட வேலை. ஆனால் நான் அப்போதுதான் பைத்தான் கற்றுக்கொண்டிருந்தேன். புதிதாகச் சுத்தியல் வாங்கியவன் நிலைமை தெரியும் அல்லவா? எட்டு வரியில் ஒரு நிரல் எழுதி, மூன்றிலும் ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் 20-ஆம் தேதி. 3பி ரிட்டர்ன் போடக் கடைசி நாள். காலையில் முதலாளியிடமிருந்து போன். "தம்பி, இன்னாப்பா பண்ண? அப்பா கம்பெனியையே காணோம்!"

நிற்க. கம்பெனி எங்கே போனது என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1985-க்கு.

அந்த வருடம் நவம்பரில் மைக்ரோசாஃப்ட் வின்டோஸின் முதல் பதிப்பை வெளியிட்டது. அதனுடன் வின்.ஐ.என்.ஐ. என்று ஒரு கோப்பும் வந்தது. ஐ.என்.ஐ. என்பது 'இனிஷியலைசேஷன்' என்பதன் சுருக்கம். நிரல் எழுந்து உட்காரும்போது முதலில் எதைப் படித்துத் தன்னைத் தயார் செய்துகொள்ள வேண்டுமோ, அது. வடிவம் இவ்வளவுதான்:

[கடை]
ஊர் = திருவண்ணாமலை
தள்ளுபடி = 10

[பிரிண்டர்]
தாள் = ஏ4

சதுர அடைப்புக்குள் இருப்பது பிரிவின் தலைப்பு. அதற்குக் கீழே, சமக்குறிக்கு இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் மதிப்பு. அரைப்புள்ளியில் தொடங்கினால் அது குறிப்பு, நிரல் கண்டுகொள்ளாது. நம் பேரேட்டில் ஒவ்வொரு கணக்குக்கும் தலைப்புப் போட்டு அதன் கீழ் வரி வரியாக எழுதுவதைப் போலத்தான். நிரல் தெரியாதவர்கூட நோட்பேடில் திறந்து ஒரு வரியை மாற்றலாம். இதன் பலம் அதுதான், பலவீனமும் அதுதான்.

1990-இல் வின்டோஸ் 3.0 வந்து பிரபலமானபோது ஒவ்வொரு மென்பொருளும் தன் அமைப்புகளையும் கொண்டுபோய் அதே வின்.ஐ.என்.ஐ.யில் கொட்ட ஆரம்பித்தது. பொதுச் சத்திரத்தில் ஆளாளுக்கு மூட்டையை இறக்கியது மாதிரி. மென்பொருளை நீக்கினாலும் அதன் மூட்டை அங்கேயே கிடக்கும். கோப்பு 64 கிலோபைட்டைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடு வேறு. இதற்கு மாற்றாகத்தான் ரெஜிஸ்ட்ரி வந்தது. 1992-இல் வின்டோஸ் 3.1-இல் சிறிய அளவில் தலைகாட்டி, 1993-இல் என்.டி., 1995-இல் வின்டோஸ் 95 என்று வளர்ந்தது. 'இனி ஐ.என்.ஐ. வேண்டாம், எல்லாவற்றையும் ரெஜிஸ்ட்ரியில் போடுங்கள்' என்று மைக்ரோசாஃப்டே சொல்லியும் ஐ.என்.ஐ. சாகவில்லை. ரெஜிஸ்ட்ரியை நோட்பேடில் திறக்க முடியாதே!

இந்தக் குடும்பத்தில் ஒரு போக்கிரிப் பிள்ளையும் உண்டு. ஆட்டோரன் வைரஸ் ஞாபகம் இருக்கிறதா? எனக்கு அப்போது ஐந்தாறு வயது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்த பெரியப்பா மகன் சொல்லிக் கேட்டதுதான். பென் டிரைவைச் செருகினால் போதும், வைரஸ் ஒட்டிக்கொள்ளும். அதைக் கூட்டிக்கொண்டு வந்தது இதே சதுர அடைப்பு வடிவத்தில் இருந்த ஆட்டோரன்.இன்ஃப் என்ற கோப்புதான். 2008 நவம்பரில் பரவத் தொடங்கிய கான்ஃபிக்கர் இதில் கெட்டிக்காரன். அது எழுதும் ஆட்டோரன் கோப்பைத் திறந்து பார்த்தால் ஏறக்குறைய எல்லாமே குப்பை எழுத்துகளாக இருக்கும். நடுவே நாலைந்து உருப்படியான வரிகள் ஒளிந்திருக்கும். வின்டோஸ் குப்பையைச் சத்தமில்லாமல் தாண்டிப்போய் அந்த வரிகளை மட்டும் படித்து நிறைவேற்றிவிடும். தப்பைக் கண்டும் காணாமலும் போகிற தாராள மனசு எங்கே கொண்டுபோய் விட்டது பாருங்கள். வின்டோஸ் 7-இலும், 2011 பிப்ரவரியில் பழைய பதிப்புகளுக்குத் தந்த அப்டேட்டிலும்தான் பென் டிரைவுக்கு இந்த வசதியை நிறுத்தினார்கள்.

சரி, பைத்தானுக்கு வருவோம். கைடோ வான் ராசம் 1991-இல் வெளியிட்ட மொழி. 1990-களின் பிற்பகுதியிலேயே அதன் கூடவே வரும் நூலகத்தில் கான்ஃபிக்பார்சர் இடம் பிடித்துவிட்டது. இதற்கு இரண்டு பாட்டன்கள். சதுர அடைப்பு வின்டோஸ் வழி வந்தது. இன்னொரு வழி மின்னஞ்சல். 1982-இல் மின்னஞ்சல் தலைப்பு வரிகளுக்கு வகுத்த ஆர்.எஃப்.சி. 822 என்ற விதியில் பெயருக்குப் பிறகு முக்காற்புள்ளி வரும், வரி நீண்டால் அடுத்த வரியைச் சற்று உள்தள்ளி எழுதலாம். கான்ஃபிக்பார்சர் இரண்டையும் ஏற்றுக்கொண்டது. ஐ.என்.ஐ.க்கு என்று எங்கேயும் எழுதி வைத்த சட்டம் கிடையாது என்பதால் ஆளுக்கொரு விதமாகப் படிக்கிறார்கள். பைத்தானும் தனக்கென்று சில பழக்கங்களை வைத்துக்கொண்டது.

அதில் ஒன்று காமர்ஸ் பிள்ளைகளுக்கு என்றே வைத்த கண்ணி! தள்ளுபடி = 10% என்று எழுதிப் பாருங்கள். படிக்கும்போது பிழை என்று கத்தும். ஒரு மதிப்புக்குள் இன்னொரு மதிப்பைச் செருகச் சதவீதக் குறியைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதனால் சதவீதம் வேண்டுமானால் இரண்டு முறை போட வேண்டும், அல்லது அந்த வசதியையே அணைத்துவிட வேண்டும். இன்னொரு பழக்கம், எந்த மதிப்பைக் கேட்டாலும் எழுத்தாகவே தரும். 10 என்பது எண் அல்ல, '1', '0' என்ற இரண்டு எழுத்து. எண்ணாக வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும். பெயர்களில் ஆங்கிலப் பெரிய எழுத்து இருந்தால் அதையும் சின்ன எழுத்தாக்கிவிடும்.

2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3.0-இல் இந்த நூலகத்தின் பெயரே சின்ன எழுத்துக்கு மாறியது. 2011 பிப்ரவரியில் 3.2 பதிப்பில் லூகாஷ் லாங்கா என்ற போலந்துக்காரர் பெரிய மராமத்து செய்தார். கண்டிப்பு வந்தது அப்போதுதான். ஒரே பிரிவில் ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் பிழை. இந்த வரியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழுக்கு இதில் தனிப் பாடு. நோட்பேடில் தமிழில் எழுதி யூ.டி.எஃப்.-8 ஆகச் சேமித்தால், கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை நோட்பேட் வைத்துவிடும். கான்ஃபிக்பார்சர் முதல் வரியைப் பார்த்து 'பிரிவுத் தலைப்பே இல்லையே' என்று சொல்லும். நமக்கோ கண்ணெதிரே சதுர அடைப்பு தெரியும்! 2019-இல் வந்த வின்டோஸ் 10 அப்டேட்டிலிருந்துதான் அந்தக் குறி இல்லாமல் சேமிப்பது வழக்கமானது.

இந்தச் சின்னக் கோப்பு தமிழுக்குச் செய்த ஒரு பெரிய காரியத்தையும் சொல்ல வேண்டும். 2015-இல் கூகுள் டிரைவில் தமிழ் உட்பட ஏராளமான மொழிகளுக்குப் படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் வசதி வந்தது. கணியம் த. ஸ்ரீனிவாசன் அதைப் பயன்படுத்தி ஒரு பைத்தான் நிரல் எழுதினார். ஸ்கேன் செய்த புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, கூகுளுக்கு அனுப்பி, வந்த எழுத்தை விக்கிமூலத்தில் ஏற்றிவிடும். பயன்படுத்துகிறவர் நிரலைத் தொடவே வேண்டாம். கான்ஃபிக்.ஐ.என்.ஐ.யைத் திறந்து புத்தகத்தின் முகவரி, தன் பயனர் பெயர், மொழிக் குறி என்று சில வரிகளை நிரப்பினால் போதும். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள் 2,000-க்கு மேல் 2016 வாக்கில் தமிழ் விக்கிமூலத்துக்கு வந்தபோது இந்த நிரல்தான் கை கொடுத்தது. நிரல் தெரியாத தமிழார்வலர்களுக்கும் நிரலுக்கும் நடுவே இருந்த ஒரே ஜன்னல் அந்த ஐ.என்.ஐ.தான்.

இப்போது காணாமல் போன கம்பெனி.

டாலியின் பிறப்பே ஒரு கணக்குத் தலைவலியில்தான். ஆலைகளுக்கு இயந்திர உதிரிப் பாகங்கள் சப்ளை செய்துவந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தன் கணக்குக்கு ஏற்ற மென்பொருள் கிடைக்காமல் மகன் பரத் கோயங்காவையே எழுதச் சொன்னார். பெங்களூரில் 1986-இல் நிறுவனம் தொடங்கியது. பரத் கோயங்காவுக்கு 2020-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அந்த டாலியின் ஃபோல்டரில் டாலி.ஐ.என்.ஐ. என்று ஒரு கோப்பு இருக்கும். டேட்டா எங்கே இருக்கிறது என்று ஒரு வரி. திறந்தவுடன் எந்தக் கம்பெனியை ஏற்ற வேண்டும் என்பதற்கு 'லோடு' என்று ஒரு வரி. இரண்டு கம்பெனி என்றால் இரண்டு லோடு வரி. ஒரே பெயர், இரண்டு முறை. டாலிக்கு அது சரி, அது வகுத்த முறை அப்படி.

பைத்தானுக்குச் சரியில்லை. என் நிரல் முதல் ஓட்டத்திலேயே 'டூப்ளிகேட் ஆப்ஷன்' என்று பிழை காட்டியது. நின்று யோசித்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? கண்டிப்பை அணைக்க ஒரு சொடுக்கு இருக்கிறது என்று படித்து, அதை அணைத்தேன். பிழை போய்விட்டது. கண்டிப்பு இல்லாதபோது ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் கடைசி வரி மட்டும்தான் நிற்கும். முதல் லோடு வரி அப்பாவின் கம்பெனி. கோப்பைத் திரும்ப எழுதியபோது அது போயே போய்விட்டது. அரைப்புள்ளி போட்டு யாரோ எழுதி வைத்திருந்த குறிப்புகளும் போயின, கான்ஃபிக்பார்சர் திரும்ப எழுதும்போது குறிப்புகளை வைத்துக்கொள்வதில்லை. மூன்று மெஷினிலும் இதே கதை. நகல் எடுத்து வைத்தாயா என்று கேட்காதீர்கள் :-(

நல்லவேளை, டேட்டா பத்திரமாக இருந்தது. ஒவ்வொரு கம்பெனிக்கும் டாலி ஒரு ஐந்திலக்க எண்ணில் ஃபோல்டர் வைத்திருக்கும். டேட்டா ஃபோல்டரைத் திறந்தேன். அப்பாவின் எண் கிடைத்தது. நோட்பேடில் லோடு வரியை நானே எழுதிச் சேமித்தேன், மூன்று மெஷினிலும். மொத்தம் பத்து நிமிடம்தான் ஆனது.

பெரியவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தன் கம்பெனி திரையில் வருகிற வரைக்கும் வாயே திறக்கவில்லை. வந்த பிறகு, "பேலன்ஸ் சரியா இருக்குதா பாரு" என்றார். பார்த்தேன். சரியாக இருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு ரிட்டர்ன் போட்டோம்.

இப்போது என் நிரல் கான்ஃபிக்பார்சரைக் கூப்பிடுவதில்லை. கோப்பை வரி வரியாகப் படித்து, டேட்டா என்று தொடங்கும் வரியை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே எழுதுகிறது. அதற்கு முன்னால் ஒரு நகல் எடுக்கிறது. பெரியவர் மட்டும் இன்னமும் தினம் காலையில் டாலியைத் திறந்ததும் முதலில் கம்பெனி எத்தனை என்று எண்ணிப் பார்க்கிறாராம்.