ஷார்ட் வீதியில் ஒரு கடைவீடு



கிறிஸ்தவ வேதத்தில், பவுல் அடியார் கலாத்திய சபையாருக்கு எழுதிய கடிதத்திலே, ஆவியின் கனி என்று ஒன்பது குணங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றுள் ஒன்று நீடிய பொறுமை. ரப்பர் கன்று நட்டவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஆறேழு ஆண்டுகள் காத்திருந்தல்லவா பால் எடுக்கிறோம்! அத்தகைய பொறுமையோடு சிங்கப்பூரில் தொண்டு செய்த ஓர் அம்மையாரின் வரலாற்றை இன்று பார்ப்போம்.

சோபியா பிளாக்மோர் 1857இல் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். மெதடிஸ்டு சபையின் மாதர் சங்கம் அனுப்ப, 1887 ஜூலையில் சிங்கப்பூர் வந்தார். பெங்களூரில் பிறந்த ஓல்டாம் பாதிரியார் அதற்கு முந்திய ஆண்டுதான் அங்கே ஆண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியிருந்தார். எங்கள் பெண்பிள்ளைகளுக்கும் ஒரு பள்ளி வேண்டும் என்று தமிழ்த் தகப்பன்மார் சிலர் கேட்டார்கள். அம்மையார் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆகஸ்டு 15ஆம் நாள் ஷார்ட் வீதியில் ஒரு கடைவீட்டில் பள்ளி தொடங்கிவிட்டது.

தேக்காவிலிருந்து செலிகி சாலைப் பக்கமாக நடந்தால் சிறிது நேரத்தில் அந்த வீதி வரும். முதலில் சேர்ந்தவர்கள் பத்துப் பேருக்கும் குறைவு. எல்லாரும் தமிழ்ச் சிறுமிகள்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். அம்மையாரை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போவது முறையாகாது. தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்காளை வீட்டில் நிறுத்துவது நாம் அறிந்த வழக்கம்தானே? அந்தக் காலத்தில் பெண்ணுக்குப் படிப்பு வேண்டும் என்று வாய்திறந்து கேட்ட அந்தத் தகப்பன்மாருக்குப் பாதிப் பெருமை உண்டு. மலாயாவில், தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. ஷார்ட் வீதிப் பள்ளி அதற்கு 36 ஆண்டுகள் முந்தியது.

பிறகு அம்மையார் பாபா சீனர் வீடுகளைத் தேடிப் போனார். அங்கே வயது வந்த பெண் வாசல் தாண்டமாட்டாள். சம்பாதிக்கப் போகாதவளுக்குப் படிப்பு எதற்கு என்று தாய்மாரே மறுத்தார்கள். அம்மையார் கோபித்துக்கொள்ளவில்லை. மலாய் மொழியைக் கற்றுக்கொண்டு, மறுபடியும் வீடுவீடாக நடந்தார். மதத்தைப் பரப்புவதும் அவருடைய நோக்கம்தான்; அதை மறைப்பானேன்? ஆனால், விடுதி ஒன்று நடத்தி, ஆதரவற்ற சிறுமிகளைச் சோறும் துணியும் கொடுத்து வளர்த்ததும் அவர்தான்.

நாற்பது ஆண்டுகள் இப்படியே சென்றன. ஓய்வு பெற்று ஊர் திரும்பிய அவர் 1945இல் மறைந்தார்.

தமிழ்ச் சிறுமிகளோடு தொடங்கிய பள்ளி பல இனத்தாரும் படிக்கும் மெதடிஸ்டு பெண்கள் பள்ளியாக வளர்ந்து, சோபியா மலைக்கு மாறியது. அம்மலைக்கு அவருடைய பெயரை வைத்ததாகப் பலர் எண்ணுவதுண்டு. அவர் வருவதற்கு முன்பே அதற்கு அந்தப் பெயர் இருந்தது. பள்ளி 1992இல் மீண்டும் இடம் மாறிச் சென்ற சாலைதான் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது: பிளாக்மோர் டிரைவ்.